பி.சி.ஏ. படிக்கும் சேலம் பிள்ளைகளுக்கு

"இன்ஜினீயரிங் சீட் கிடைக்கவில்லை, பி.சி.ஏ.தான்" என்று கருப்பூர் பஸ்ஸில் பிள்ளைகள் சோர்ந்து பேசுவதைக் கேட்டால் மனசு தாங்கவில்லை. வழி அதோடு முடியவில்லை. பெரியார் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. முடித்துவிட்டு டான்செட் எனும் மாநில நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம், 2020 முதல் அது 2 வருடப் படிப்புதான். பட்டப்படிப்பில் கணிதம் இருந்து 60 சதவீதமும் எடுத்தால் நிம்செட் எனும் என்.ஐ.டி.களின் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வை எழுதுங்கள். திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. சேர அதுதான் வாசல், பலருக்கு இது தெரிவதே இல்லை. கேட் (GATE) எனும் தேசியத் தேர்வை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம்.

அப்புறம் வேலை. டேட்டா ஸ்ட்ரக்சரும் (தகவலை அடுக்கி வைக்கும் முறைகள்) எஸ்.க்யூ.எல்.லும் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) கைக்கு வந்திருக்க வேண்டும். என்.பி.டெல். (NPTEL) இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். தினமும் ஒரு புரோகிராமை முதலில் நோட்டில் எழுதி, பிறகு ஓட்டிப் பாருங்கள்.