ஆலு டிக்கி பர்கர்: கடைச் சுவை வீட்டு அடுப்பில் வர

வீட்டில் செய்யும் ஆலு டிக்கி பர்கர், அதாவது உருளைக்கிழங்கு மசாலாவைத் தட்டிப் பொரித்து உள்ளே வைக்கும் பர்கர், சொதப்பினால் பழி மசாலாமேல் விழும். பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். கிழங்கு, பட்டாணி, தக்காளி, பன் என்று எங்கெல்லாம் ஈரம் ஒளிந்திருக்கிறதோ அதை அடக்கிவிட்டால், மெக்டொனால்ட்ஸின் மெக்ஆலு டிக்கிக்கு மிக அருகே வந்துவிடலாம். கீழே உள்ள அளவு ஆறு பர்கருக்கு.

முதலில் உருளைக்கிழங்கு. பெங்களூரு மார்க்கெட்டில் ஹாசன் பக்கத்துக் கிழங்கும் கிடைக்கும், ஆக்ராவிலிருந்து வரும் குளிர்கிடங்குக் கிழங்கும் கிடைக்கும். எது என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள். கட்டைவிரலால் தேய்த்ததும் தோல் உரிந்தால் அது புதுக் கிழங்கு. நீர் அதிகம், குருமாவுக்கு நல்லது, டிக்கிக்கு ஆகாது. குளிர்கிடங்கில் நெடுநாள் கிடந்ததிலோ மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறியிருக்கும். டிக்கி இனிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சீவலைப் பொரித்துப் பாருங்கள். பொன்னிறத்தில் நிற்காமல் சட்டென்று பழுப்புக்குப் போனால், கிழங்கைக் கூடையில் போட்டுப் பத்து நாள் வெளியே வைத்தால் இனிப்பு ஓரளவு இறங்கும். கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அரைக் கிலோ கிழங்கைத் தோலோடு, வெட்டாமல் வேகவைக்க வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். கிழங்கு மெதுவாக வேகும், அதுவரை தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் குக்கர்தான் சரி. அடியில் தண்ணீர், மேலே தட்டு, தண்ணீர் படாமல் கிழங்கு, நான்கு விசில். சூட்டோடு தோலுரித்துத் தாம்பாளத்தில் பரப்பி ஆவி முழுக்கப் போகவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெந்த கிழங்குக்கு இந்தக் குளிர்ச்சி நல்லது. மாவுச்சத்து இறுகும், டிக்கி பிடித்த பிடியில் நிற்கும். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் டிக்கி எண்ணெயில் கரைகிறது.

மசிக்க வேண்டாம், துருவுங்கள். மிக்ஸி பக்கம் போகவே கூடாது, கிழங்கு பசையாகிவிடும். துருவலோடு 80 கிராம் பட்டாணி (மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, துணியில் ஒற்றி, பாதி நசுக்கியது), 30 கிராம் அவலைப் பொடித்தது, இரண்டு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் முக்கால், மல்லித்தூள் ஒன்று, சீரகத்தூள், கரம் மசாலா, ஆம்சூர் (காய்ந்த மாங்காய்த்தூள்) தலா அரை டீஸ்பூன். மஞ்சள்தூள் வேண்டாம், கடுகு தாளிக்கவே வேண்டாம். அந்த வழியில் போனால் கையில் வருவது போண்டா. நல்ல போண்டாவாகவே இருக்கலாம், ஆனால் போண்டா. பட்டாணியை முழுசாக விட்டால் அதன் தோலுக்குள் ஆவி சேர்ந்து எண்ணெயில் வெடிக்கும்.

80 கிராம் எடையில் ஏழு டிக்கி வரும். ஏழாவது உப்பு, காரம் பார்க்க. பன்னின் அகலத்துக்கே தட்டுங்கள், சுமார் 9 சென்டிமீட்டர். இறைச்சியில் தட்டிய டிக்கி போல இது சுருங்காது, பெரிதாகத் தட்டத் தேவையில்லை. கனம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஓரத்தில் விரிசல் தெரிந்தால் ஈரக்கையால் மூடிவிடுங்கள், எண்ணெய் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

மூன்று டேபிள்ஸ்பூன் மைதா, ஒன்று கார்ன்ஃப்ளார், சிட்டிகை உப்பு, தோசை மாவைவிட நீர்த்து வருமளவு தண்ணீர். இதில் தோய்த்து பிரட் தூளில் புரட்டி, அரை மணி ஃப்ரீஸரில் வையுங்கள். பேக்கரி ரஸ்கைப் பொடித்தும் போடலாம், ஆனால் இனிப்பு ரஸ்க் சீக்கிரம் கருகும். வாணலியில் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய், 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், போட்ட பிரட் தூள் அடியில் தங்காமல் உடனே நுரைத்து மிதக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு மட்டும், மூன்றிலிருந்து நான்கு நிமிடம். எடுத்ததும் கம்பித் தட்டில் வையுங்கள். டிஷ்யூமேல் படுக்கவைத்தால் அடிப்பக்கம் வியர்க்கும்.

பன்னுக்கு ஐயங்கார் பேக்கரி போதும். முட்டை சேராது, லேசான இனிப்பும் கடைப் பன்னுக்கு ஒத்துப்போகும். செர்ரி போட்டது, தேங்காய் வைத்தது வேண்டாம். அன்று காலை வந்த சாதா பன் என்று கேளுங்கள். குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தை மட்டும் வெண்ணெய் இல்லாத சூடான தோசைக்கல்லில் அழுத்தி 40 விநாடி. அந்தப் பழுப்புப் பொருக்குதான் சாஸ் உள்ளே ஊறாமல் காக்கும். வெளிப்பக்கம் மென்மையாகவே இருக்கட்டும்.

சாஸ் எளிது: முட்டையில்லா மயோனைஸ் ஆறு டேபிள்ஸ்பூன், தக்காளி கெட்சப் இரண்டு, சிட்டிகை மிளகாய்த்தூள். வெங்காய வளையத்தை ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுத் துடைத்தால் காரம் அடங்கி மொறுமொறுப்பு வரும். தக்காளியைக் கெட்டியாகப் பார்த்து வாங்கி, வெட்டியதும் துணியில் ஒற்றிவிடுங்கள்.

அடிப் பன், டிக்கி, தக்காளி இரண்டு வில்லை, வெங்காயம், மேல் பன்னில் ஒரு டேபிள்ஸ்பூன் தாராளமாக சாஸ். பிறகு பலரும் விட்டுவிடும் வேலை: பட்டர் பேப்பரில் இறுக்கிச் சுற்றி இரண்டு நிமிடம் வைப்பது. டிக்கியின் ஆவி பன்னைக் கொஞ்சம் தளர்த்தி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும். கடை பர்கர் கையில் மெத்தென்று அமர்வது இதனால்தான். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பிரட் தூள் நமத்துவிடும்.

பெங்களூரின் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வந்த பார்சல் பர்கருக்கு நேர்வதும் அதேதான். அதை அப்படியே மைக்ரோவேவில் வைக்காதீர்கள். தக்காளி வெந்து பன் ரப்பராகும். பிரித்து, டிக்கியை மட்டும் எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். பன்னை வெட்டிய பக்கம் 20 விநாடி. தக்காளியைப் புதிதாக நறுக்கி வைத்து உடனே சாப்பிடுங்கள், மறுபடி பேப்பரில் சுற்ற வேண்டாம்.