தொழில் வழிகாட்டியைச் சந்திக்கும் முன் தேடலையும் கேள்விகளையும் தயார் செய்வது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் நம் பிள்ளைகளுக்கு வேலை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை, மறுபக்கம் கோவையும் பொள்ளாச்சியும். ஆனால் தேர்வு முறை, இடஒதுக்கீடு, வேலைக்கு ஆள் எடுக்கும் விதம் எல்லாம் எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டினால் மாறிவிடும். அதனால்தான் அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கிற ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது நமக்கு இவ்வளவு முக்கியமாகிறது.

அப்படிப்பட்டவர் நமக்குத் தருவது அநேகமாக அரை மணி நேரம். போனில் தேடினால் கிடைக்கிற பதிலுக்கு அந்த நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. அவர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்க வேண்டும். அதற்கான தயாரிப்பைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு, டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவிகள் பற்றிய படிப்பு) முடித்த ஒரு கொழிஞ்சாம்பாறைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கஞ்சிக்கோட்டில் பல வருடம் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர் அவளைச் சந்திக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்.

படி 1: எடுக்க வேண்டிய முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"எதிர்காலத்தைப் பற்றிப் பேசணும்" என்று போனால் அவரும் பொதுவாகத்தான் பேசுவார். நம் பெண் இப்படி எழுதலாம்: "ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சிக்குப் போவதா, கோவையில் நேராக வேலையில் சேர்வதா, லேட்டரல் என்ட்ரியில் பி.டெக். படிப்பதா என்று இந்த ஜூனுக்குள் முடிவு செய்ய வேண்டும்." இப்படி எழுதியதுமே எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். எழுத வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள் யோசியுங்கள். சந்திப்பைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

படி 2: தேடுங்கள்

முதலில் விதிகள். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கான ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சிக்கு என்.ஏ.டி.எஸ். என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்குக் கேரளத்தில் எல்.இ.டி. என்ற நுழைவுத்தேர்வு இருக்கிறது, தமிழ்நாட்டில் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். அரசு வேலை என்றால் கேரள பி.எஸ்.சி. வேறு, டி.என்.பி.எஸ்.சி. வேறு. டி.என்.பி.எஸ்.சி.க்கு வேறு மாநிலத்தவர் விண்ணப்பித்தால் அங்குள்ள இடஒதுக்கீடு கிடைக்காது, பொதுப் பிரிவில்தான் வருவார்கள். இதெல்லாம் அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் சந்தேகங்களுக்கு வில்லேஜ் ஆபீஸ் இருக்கிறது. வழிகாட்டியிடம் இவற்றைக் கேட்டால், பாவம், அவரும் யாரிடமாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது துறை. கஞ்சிக்கோட்டில் என்ன நடக்கிறது என்பது அங்கே பஸ்ஸில் தினமும் கடந்து போகிறவர்களுக்கே பல நேரம் தெரியாது. இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் ஆலையில் கன்ட்ரோல் வால்வுகள் செய்கிறார்கள். ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர், எண்ணெய், காற்று போன்றவற்றின் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்களைச் சோதித்து கேலிபரேட் செய்கிறார்கள், அதாவது சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கோவைப் பக்கம் பம்புசெட் தொழில் பெரியது, பம்புகளைச் சோதிக்க அங்கே சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது. அளவீடு படித்த பெண்ணுக்கு இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் அவர்களுடைய தளத்திலேயே கிடைக்கும். தனியார் கம்பெனி என்றால் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். எப்போது பதிவானது, இப்போது செயல்பாட்டில் இருக்கிறதா என்ற அடிப்படை விவரம் வரும்.

அப்புறம் ஒரு பத்து வேலை விளம்பரங்களைச் சேகரியுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், தேடலிலேயே அதிகம் பலன் தருவது இதுதான். ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கும் திறன்களை நோட்டில் எழுதி, திரும்பத் திரும்ப வருவதற்குக் கோடு போடுங்கள். பி.எல்.சி. (இயந்திரங்களைத் தானாக இயக்கும் தொழிற்சாலைக் கணினி), ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் அமைப்பு), கேலிபரேஷன், 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் (கருவிகள் அளவை மின்சாரமாக அனுப்பும் முறை) என்று சில சொற்கள் மேலெழுந்து வரும். ஐ.எஸ்.ஓ. 17025 என்று ஒன்று கண்ணில் பட்டால், அது சோதனை, கேலிபரேஷன் ஆய்வகங்களுக்கான தரநிலை என்று தேடித் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் சொல் உங்கள் பாடத்தில் வந்தது, எது வரவே இல்லை என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

கடைசியாக அந்த நபர். லிங்க்ட்இனில் அவர் பக்கம் இருந்தால் படியுங்கள். நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியவரலாம், அதில் தவறொன்றும் இல்லை. வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் பிரைவேட் மோடு இருக்கிறது. பட்டங்களைவிட அவர் பாதையில் இருக்கும் திருப்பங்களைப் பாருங்கள். புரொடக்ஷனிலிருந்து ஏன் தரக்கட்டுப்பாட்டுக்கு வந்தார்? கோவையை விட்டு ஏன் கஞ்சிக்கோடு திரும்பினார்? கேட்க வேண்டியது அங்கேதான் இருக்கும். அவருடைய ஃபேஸ்புக்கில் குடும்பப் படங்கள் வரை போகாதீர்கள், அது நமக்குத் தேவையில்லாதது.

படி 3: தாளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு முழுத்தாளில் நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள்: உறுதியாகத் தெரிந்தது, ஊகம், தெரியாதது. தேடியதை எல்லாம் இதில் பிரித்து எழுதுங்கள். "அப்ரென்டிஸ் ஒரு வருடம்" என்பது முதல் பத்தி. "அப்ரென்டிஸ் முடித்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்" என்பது ஊகம். நல்ல கேள்விகள் அநேகமாக இந்த நடுப் பத்தியிலிருந்துதான் வரும். தெரியாதது என்று எழுதியதில் பாதியை இன்னொரு முறை தேடினாலே தீர்த்துவிடலாம்.

படி 4: கேள்விகளை எழுதுங்கள்

எனக்குச் சரியாகப் படும் முறை இது: முதலில் நீங்கள் கண்டுபிடித்ததை ஒரு வரியில் சொல்லுங்கள், பிறகு அதில் எங்கே முட்டி நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். சில கேள்விகளை மாற்றிப் பார்ப்போம்.

"இந்தத் துறையில் ஸ்கோப் இருக்கா சார்?" என்று கேட்டால் "இருக்கு" என்பார், அவ்வளவுதான். அதையே இப்படிக் கேளுங்கள்: "நான் பார்த்த விளம்பரங்களில் பாதிக்கு மேல் பி.எல்.சி. கேட்கிறார்கள். நான் லேபில் கொஞ்சம்தான் செய்திருக்கிறேன். சேர்ந்த பிறகு சொல்லிக்கொடுப்பார்களா, தெரிந்தவர்களைத்தான் எடுப்பார்களா? உங்கள் இடத்தில் எப்படி?"

"அப்ரென்டிஸ் நல்லதா?" என்பதற்குப் பதிலாக: "உங்களிடம் அப்ரென்டிஸாக இருந்தவர்கள் அடுத்து எங்கே போனார்கள்? அந்த ஒரு வருடத்தில் கருவியைக் கையில் தொட விட்டார்களா, பதிவேடு எழுதுவதோடு முடிந்ததா?"

சம்பளத்தையும் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் அவருடைய சம்பளத்தைக் கேட்காதீர்கள். "டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்பவருக்குக் கோவையிலும் கஞ்சிக்கோட்டிலும் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை கிடைக்கும்?" என்று கேட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

நம் ஊர்ப் பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றைக் கட்டாயம் எழுதி வையுங்கள்: ஷிப்டும் பஸ்ஸும். "இரண்டாம் ஷிப்ட் முடிந்தால் கொழிஞ்சாம்பாறைக்குப் பெண்கள் எப்படித் திரும்புகிறார்கள்? கம்பெனி வண்டி உண்டா, ஹாஸ்டலில் தங்குகிறார்களா?" எத்தனையோ பேர் நல்ல வேலையைச் சில மாதங்களில் விடுவது இந்த ஒரு விஷயத்தால்தான். எந்த அறிவிக்கையிலும் இதற்குப் பதில் இருக்காது.

"எனக்கு ஒரு வேலை வாங்கித் தர முடியுமா?" என்பதை முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். அதைக் கேட்டதும் அவர் மனம் திறந்து பேசுவதை நிறுத்திவிடுவார்.

அரை மணிக்கு ஐந்தாறு கேள்வி போதும். அவர் இத்துறைக்கு வந்த கதையில் தொடங்குங்கள், யாருக்கும் பேச எளிதாக இருக்கும். கனமானவை நடுவில். "இன்னும் யாரிடம் பேசினால் நல்லது?" என்பதைக் கடைசியில் வையுங்கள். நேரம் சுருங்கினால் விடவே கூடாத இரண்டுக்கு நட்சத்திரம் போடுங்கள்.

படி 5: முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்புங்கள்

இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். சனிக்கிழமை காலை 11 மணிக்குச் சந்திக்க நேரம் தந்ததற்கு நன்றி. டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரென்டிஸா, நேரடி வேலையா, பி.டெக்.கா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முக்கியமாக பி.எல்.சி. பயிற்சி பற்றியும் ஷிப்ட் பற்றியும் கேட்க நினைக்கிறேன். என்னைப் பற்றிய அரைப் பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன். அரை மணிக்குள் முடித்துக்கொள்கிறேன்."

பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் அண்ணா, அக்கா என்றே எழுதலாம். அறிமுகமில்லாதவர் என்றால் சார், மேடம். மலையாளியாக இருந்தால் எந்த மொழி அவருக்கு வசதி என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். சந்திப்பு ஆலைக்குள் என்றால் கேட்டில் அடையாள அட்டை கேட்பார்கள், அதையும் விசாரித்து வையுங்கள். முந்தின நாள் இரவு ஹர்த்தால் எதுவும் இல்லையே என்று ஒரு முறை செய்தி பாருங்கள்.

படி 6: பேசும்போதும் பேசிய பிறகும்

கேள்வித்தாளை மேசையில் வெளிப்படையாக வையுங்கள், ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையாக வாசிக்காதீர்கள். அவர் சுவாரசியமாக ஒன்றைத் தொட்டால் "அதற்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா சார்?" என்று அங்கேயே நில்லுங்கள். அவர் சொல்வது உங்கள் தேடலோடு முரண்பட்டால் வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பழைய விதியைச் சொல்லியிருக்கலாம், நீங்களும் தவறாகப் படித்திருக்கலாம். வீட்டுக்கு வந்து சரிபாருங்கள். முடிந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் கோவையில் வேலை பார்க்கும் ஒருவரிடமும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அன்றைக்கே குறிப்புகளை விரித்து எழுதிவிட்டு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள், அவர் சொன்னதில் உதவியான ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டு. ஒரு மாதம் கழித்து, அவர் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள்: "சார், என்.ஏ.டி.எஸ்.ஸில் பதிவு செய்துவிட்டேன், பி.எல்.சி. வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன். நீங்கள் சொன்ன மேடத்தை அடுத்த வாரம் பார்க்கிறேன்."