பழைய அமெரிக்கப் புகைப்படங்களில் உடையைப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத் தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. பலவற்றில் யார், எந்த வருடம் என்ற குறிப்பே இருக்காது. 1870 முதல் 1900 வரையான படமாக இருந்தால் உடையை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். வருடம் சுலபம், வசதிதான் ஏமாற்றும். உடையின் வடிவம் வருடத்தைச் சொல்லும். துணி, தையல், நிற்கும் இடம் இந்த மூன்றும்தான் வர்க்கத்தைச் சொல்லும். இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வருடம். கூட்டத்தில் வயதில் இளைய பெண்ணைத் தேடுங்கள், ஏனென்றால் பாட்டிமார் பத்து வருடம் பழைய உடையிலேயே நிற்பார்கள். அவளுடைய இடுப்புக்குப் பின்புறம் பாருங்கள். பாவாடைக்குள் திண்டோ கம்பிச்சட்டமோ வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தால் அதற்குப் பெயர் பஸில். 1870களின் முதல் பாதியில் இருந்தது, நடுவில் சில வருடம் மறைந்து பாவாடை உடம்போடு ஒட்டியது, 1883 வாக்கில் திரும்பவும் வந்தது, இந்த முறை பின்னால் ஒரு பலகையை மாட்டியதுபோல விறைப்பாக. 1890க்குள் போயே போய்விட்டது. அதற்கப்புறம் கையைப் பாருங்கள்: தோளில் பலூன் போல உப்பிய பஃப் கை என்றால் 1895ஐ ஒட்டிய படம். 1897க்கு மேல் அது சட்டென்று சுருங்கிவிடும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். கறுப்பாகத் தெரிகிற கவுனைப் பார்த்துத் துக்க உடை என்று முடிவுகட்ட வேண்டாம், அது நல்ல சிவப்பாகவும் இருக்கலாம்.

சரி, வசதி. 1863இலிருந்து பட்டரிக் நிறுவனம் அளவு போட்ட காகித வெட்டுமாதிரிகளை விற்றது, தையல் மிஷினும் தவணையில் கிடைத்தது. அதனால் நியூயார்க் சீமாட்டியின் கவுன் வடிவம் கிராமத்து விவசாயி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆண்களின் வெள்ளைக் காலரும் அப்படித்தான். கஞ்சி போட்டு விறைத்த காலர் சட்டையோடு சேர்ந்ததல்ல, தனியாகக் கழற்றி மாட்டுவது. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரமே இதைச் செய்துதான் பேர் வாங்கியது. ஒரே சட்டையை வாரம் முழுக்கப் போட்டு, காலரை மட்டும் மாற்றிக்கொண்ட குமாஸ்தாவும் படத்தில் கனவான் போலத்தான் தெரிவார்.

அதனால் படத்தைப் பெரிதாக்கி மெல்லப் பாருங்கள். கோடு போட்ட துணியில் மூட்டுத் தையலில் கோடுகள் நேருக்கு நேர் சேர்கின்றனவா? சேர்ந்தால் துணியைத் தாராளமாக வெட்டியிருக்கிறார்கள், கைதேர்ந்த தையல்காரர் தைத்தது. பாவாடையின் கீழே கிடைமட்டமாக ஒரு பழைய மடிப்புக் கோடு தெரிந்தால் யாரோ வளர்ந்ததும் பிரித்து இறக்கியது, அல்லது அக்காவிடமிருந்து வந்தது. கோட்டு தோளில் வழிந்தால் ரெடிமேட். இந்தச் சின்னச் சின்ன இடங்களில்தான் எனக்கு அந்த மனிதர்கள் மேல் பாசமே வந்தது.

அடுத்து, எங்கே பொழுதைப் போக்குகிறார்கள்? ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் பணக்காரர்கள் கோடையைக் கழித்த மாளிகைகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'குடில்'. 1895இல் முடிந்த பிரேக்கர்ஸ் என்ற குடிலில் 70 அறைகள். அங்கே பெண்கள் காலைக்கு, வண்டியில் உலாவ, இரவு விருந்துக்கு என்று ஒரே நாளில் பல தடவை உடை மாற்றுவார்கள். கூலி வேலை செய்தவருக்கு வெளியே போக நல்ல உடை ஒன்றுதான், அதையே தேவாலயத்துக்கும் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரைக்கும் போட்டுக்கொண்டு போவார். ஆகவே மணலில் முழு உடையோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் செல்வந்தர் என்று நினைக்காதீர்கள். குளியல் உடையில் இருப்பவரை வைத்து எதுவுமே சொல்ல முடியாது, ஏனென்றால் கறுத்த கம்பளிக் குளியல் உடை அங்கேயே வாடகைக்குக் கிடைத்தது.

பழகிப் பார்க்க இரண்டு படங்களைத் தேடி எடுங்கள். ஒன்று, 1883 மார்ச்சில் நியூயார்க்கில் வாண்டர்பில்ட் என்ற பெரும் பணக்காரக் குடும்பம் நடத்திய மாறுவேட விருந்துக்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் 'மின்விளக்கு' வேடத்தில் வந்த படம். கையில் விளக்கை உயர்த்திப் பிடித்திருப்பார். அதே ஊரில் எடிசனின் பேர்ல் தெரு மின் நிலையம் தொடங்கி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொன்று, அதே நகரத்தின் லட்லோ தெருவில் ஜேகப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் எடுத்தது: நெருக்கமான ஓர் அறையில் அரைக்கால் சட்டை தைக்கிற தொழிலாளர்கள், டஜனுக்கு 45 சென்ட். முதல் படத்தில் துணியின் பளபளப்பைப் பாருங்கள். இரண்டாவதில் தைக்கிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.