பழைய பீங்கான் தட்டு, கோப்பைகளைத் தினசரிப் புழக்கத்துக்குப் பார்த்து வாங்குவது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களாக்கள் கை மாறும்போது அலமாரியில் இருந்த தட்டு, கோப்பை, சாஸர் எல்லாம் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடும். இதில் ஷோகேஸுக்கு வாங்குவது வேறு கணக்கு. காலையில் டீ குடிக்கவும் மத்தியானம் சோறு போட்டுச் சாப்பிடவும் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூ வேலைப்பாட்டில் மயங்காமல் மண்ணைப் பார்த்து வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

கையில் ஒரு சின்ன பென் டார்ச் இருக்கட்டும். ஃபோன் லைட் அகலமாகப் பரவிவிடுவதால் மெல்லிய கோடுகள் தெரியாது.

படி 1: என்ன மண்?

தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்னால் விரல்களை வையுங்கள். விரல் நிழல் தெரிந்தால் போன் சைனா (போன் என்றால் இங்கே எலும்பு) அல்லது நல்ல பீங்கான். போன் சைனா பார்க்க மெல்லிசாக இருந்தாலும் பலமானது. அதில் பாதியளவு வரை மாட்டெலும்புச் சாம்பல் சேரும் என்பது சைவ வீடுகளில் பலருக்குத் தெரியாது, வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

நிழல் தெரியாவிட்டால் தட்டைக் கவிழ்த்து, அடிவளையத்தில் பூச்சில்லாத சொரசொரப்பான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சிக்கொண்டால் குறைந்த சூட்டில் சுட்ட மண். அப்படியே நின்றால் கெட்டியாக இறுகியது.

என்னைக் கேட்டால் ஹோட்டல், கிளப், மெஸ் என்று மொத்தமாகப் புழங்கிய தடித்த வெள்ளைத் தட்டுகளைத்தான் முதலில் தேடுவேன். விளிம்பு உருண்டு தடிமனாக இருக்கும், சீக்கிரம் சில்லு பெயராது. அழகுக்கு ஒரு நீலக் கோடு இருந்தால் உண்டு. அடுக்கில் கனமான அயர்ன்ஸ்டோன் தட்டு இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். 1813-இல் இங்கிலாந்தில் மேசன் என்ற பீங்கான் தயாரிப்பாளர் காப்புரிமை வாங்கிய வகை அது. பேரில்தான் இரும்பு, மண்ணில் கிடையாது.

படி 2: சுண்டிப் பார்ப்பது

அவசரப்படக் கூடாத இடம் இது. மண்பானை வாங்கும்போது செய்கிற அதே வேலைதான். தட்டை விரல் நுனிகளில் ஏந்தி, விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். கிண்ணென்று ஒலி நீண்டால் நல்லது, பொத்தென்று அடங்கினால் எங்கோ விரிசல். ஆனால் உள்ளங்கை பட்டாலே ஒலி செத்துவிடும். குறைந்த சூட்டில் சுட்ட மண்ணோ, விரிசலே இல்லாவிட்டாலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் ஒரே செட்டில் இரண்டு மூன்றைச் சுண்டி ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மாறி ஒலித்தால் அதை ஒதுக்கிவிடலாம்.

அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். இரண்டு விதமான கோடுகள் தெரியலாம். வலைபோலப் பின்னிப் பின்னி இருந்தால் அது கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் மட்டும் விழுந்த வெடிப்பு. விளிம்பிலிருந்தோ கைப்பிடி ஒட்டிய இடத்திலிருந்தோ ஒற்றைக் கோடாகக் கிளம்பி, திருப்பிப் பார்த்தால் மறுபக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் அது உடம்பிலேயே விழுந்த விரிசல். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். சூடான டீயோடு கைப்பிடி கழன்று வந்தால் தொடை வெந்துவிடும்.

வலை வெடிப்பு உடனே உடையாது, ஆனால் நம் ஊருக்கு அது பெரிய தொந்தரவு. வெடிப்பு வழியாகத் தண்ணீரும் எண்ணெயும் மண்ணுக்குள் இறங்கும். ஐப்பசி மழையில் குன்னூரில் துணியே காயாதபோது இது எங்கே காயும்? வாடை பிடிக்கும், டீக்கறை பழுப்பாக ஊறும். அப்படிப்பட்டதில் வர்க்கி, பிஸ்கட் வையுங்கள், சாம்பார் ஊற்றாதீர்கள். கறையை எடுக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறவைக்கலாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், பூச்சையே கெடுத்துவிடும்.

படி 3: படம் பூச்சுக்கு மேலா, கீழா?

படத்தின் மேல் விரலை ஓட்டுங்கள். மேடு தட்டினால், அல்லது சாய்த்துப் பார்க்கும்போது படம் இருக்கும் இடத்தில் மட்டும் பளபளப்பு மாறினால், படம் பூச்சுக்கு மேலே இருக்கிறது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும், புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். நாமோ ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய் என்று புளிப்பிலேயே வாழ்கிறவர்கள். சாப்பாட்டுக்கு உள்பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பதை எடுங்கள். பழைய பூச்சிலேயே ஈயம் சேர்த்திருப்பதும் உண்டு என்பதால் வெடித்த பாத்திரத்தில் புளிப்பைச் சேமித்து வைக்காதீர்கள். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் ஈயச் சோதனைக் குச்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. சந்தேகம் இருந்தால் சுவரில் மாட்டுங்கள்.

தங்க விளிம்பு மைக்ரோவேவில் பொறி பறக்கும், அங்கே வைக்கக் கூடாது.

படி 4: அடிப்பக்கம்

மேஜையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். அடிவளையம் சொரசொரப்பாக இருந்தால் அடுக்கும்போது கீழ்த்தட்டைக் கீறும், இடையில் ஒரு துணி போதும். நடுவில் சாம்பல் நிறக் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் ஸ்பூன் உரசிய உலோகத் தடம்தான். ஈரச் சமையல் சோடாவால் மெதுவாகத் தேய்த்தால் போகும். அதைக் காட்டி விலை குறைத்துக் கேளுங்கள்! கழுவ ஸ்பாஞ்ச் போதும், பச்சை ஸ்க்ரப்பர் படத்தைத் தின்றுவிடும்.

பிறகு சேர்த்தது: நல்ல கோப்பைகூட டீ ஊற்றியதும் விரிகிறதே என்று ஊட்டியிலிருந்து சிலர் கேட்டிருந்தார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் மார்கழி காலையில் அலமாரியில் இருக்கும் கோப்பை சில்லென்று உறைந்து கிடக்கும், அந்த வித்தியாசம்தான் உடைக்கிறது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொட்டிவிட்டு டீயை ஊற்றுங்கள். இரவே கோப்பைகளை அடுப்புக்குப் பக்கத்து அலமாரிக்கு மாற்றிவிட்டால் இந்த வேலையும் மிச்சம்.