ஃபோம் கவசம் நழுவாமல் நிற்க வார் அமைக்கும் முறை

மேடை நாடகத்துக்கோ காஸ்ப்ளேவுக்கோ (கதாபாத்திரங்களைப் போல உடையணிந்து வருவது) இவிஏ ஃபோம் என்னும் லேசான நுரைத் தகட்டில் கவசம் செய்பவர்கள், வெட்டுவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, அதை உடம்பில் கட்டும் வேலையை மட்டும் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் அரங்கில் நான்கு அடி நடப்பதற்குள் தொடைக்கவசம் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோள்கவசம் முதுகுப் பக்கம் சுழன்றுவிடுகிறது. அப்போது எவருக்கும் முதலில் தோன்றுவது வாரை இன்னும் ஒரு பிடி இறுக்கலாம் என்பதே. இறுக்கினால் ஃபோம் நெளியும், கால் மரத்துப்போகும், சற்று நேரம் கழித்துக் கவசம் மறுபடியும் இறங்கும். ஒவ்வொரு துண்டும் தனக்கு மேலே இருக்கும் உறுதியான ஒன்றிலிருந்து தொங்க வேண்டும் என்பதும், உடம்பைச் சுற்றி வரும் வார் அந்தத் துண்டை ஆடாமல் அணைத்துக்கொள்ள மட்டுமே பயன்பட வேண்டும் என்பதும்தான் இந்த வேலையின் அடிப்படை.

மெய்யான எஃகுக் கவசமும் இவ்வாறுதான் அணியப்பட்டது. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்வீரன் அணிந்த முழுக்கவசம் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ எடை இருந்தது. அவன் முதலில் உடம்போடு ஒட்டித் தைத்த தடித்த உள்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டான். அதில் ஆங்காங்கே துளைகள் இருந்தன. மெழுகு பூசிய முறுக்குக் கயிறுகளை அவற்றில் கோத்துக் கைக்கவசத்தையும் கால்கவசத்தையும் அந்தச் சட்டையோடு முடிந்தார்கள். மார்புக்கவசம் தொப்புளுக்குச் சற்று மேலே, இடுப்பு ஒடுங்கும் இடத்தில் முடிந்ததால் குனியவும் குதிரையில் உட்காரவும் முடிந்தது. ஃபோம் கவசத்தின் எடை இதில் சிறு பங்குதான் என்றாலும், கீழ்நோக்கி இழுக்கும் விசையும் அசைவும் அதற்கும் உண்டு.

ஆகவே முதலில் அடித்தளம். கவசத்துக்கு உள்ளே இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, இடுப்பெலும்பின் மேல் அமரும் 50 மில்லிமீட்டர் அகல நைலான் வார். உடையின் பெல்ட் வேறு, இது வேறு. இது வெளியே தெரியாது. மற்றொன்று, உடம்போடு ஒட்டிய கையில்லாத பருத்திச் சட்டை. அதன் தோளில் துணியை இரட்டிப்பாக வைத்துத் தைத்துக்கொண்டால் அங்கே வளையங்களைப் பொருத்தலாம். பருத்தி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வியர்வையில் நனைந்த தோலின் மீது ஃபோம் வழுக்கும். துணி அதைப் பற்றிக்கொள்ளும்.

வாங்க வேண்டிய பொருள்கள் எல்லாம் பை தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். பள்ளிப்பையில் வருவது போன்ற 25 மில்லிமீட்டர் நைலான் வார், அதே அகலத்துக்கான பிளாஸ்டிக் கிளிப் பக்கிள், டி வளையம், 38 மில்லிமீட்டர் அகல எலாஸ்டிக், பிரஸ் பட்டன், சிறிது வெல்க்ரோ ஆகியவை போதும். நைலான் வாரை வெட்டியதும் வெட்டுமுனையை நெருப்பில் காட்டி உருக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நூல் பிரிந்துகொண்டே போகும். எடையைத் தாங்கும் இடத்தில் வாரும், உடம்பு விரிந்து சுருங்கும் இடத்தில் எலாஸ்டிக்கும் வர வேண்டும். தொங்குவதற்கு எலாஸ்டிக்கைப் போட்டால் நடக்கும்போதெல்லாம் கவசம் மேலும் கீழும் குதிக்கும்.

வார் எங்கே ஃபோமைச் சந்திக்கிறதோ அங்கேதான் பெரும்பாலான கவசங்கள் தோற்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒட்டிய வாரை ஒட்டிய தளத்தோடு இணையாக இழுத்துப் பாருங்கள்; அசையாது. அதே வாரின் நுனியைத் தளத்திலிருந்து மேல்நோக்கித் தூக்குங்கள்; கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்துவிடும். பசை ஒன்றே, இழுக்கும் திசைதான் வேறு. எனவே உடம்பை நோக்கிச் செல்லும் வார் ஒட்டிய இடத்தை உரிக்கும் திசையில் இழுக்காதபடி அமைக்க வேண்டும். வார் ஃபோமின் உட்பக்கத்திலிருந்து உடம்பை நோக்கி விலகிச் செல்லும் இடமென்றால், வாரின் அகலத்துக்கு ஃபோமில் ஒரு கீறல் போட்டு, வாரை உள்ளிருந்து வெளியே எடுத்து, வெளிப்பக்கத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டிவிடுங்கள். இப்போது எவ்வளவு இழுத்தாலும் வார் ஃபோமை அழுத்துமே தவிர உரியாது. வெளியே தெரியும் பகுதியை அலங்காரப் பட்டையாலோ மெல்லிய ஃபோம் துண்டாலோ மூடிவிடலாம். கீறலின் இரு முனைகளிலும் சிறு வட்டத் துளை இட்டால் அது மேற்கொண்டு கிழியாது. வெளியே எதுவும் தெரியக்கூடாது என்றால், வாரை உட்பக்கத்தில் ஒட்டி, அதன் மேல் வாரைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் பெரிய ஃபோம் துண்டை வைத்து மூடி ஒட்டுங்கள்.

பசை என்றால் செருப்பு, ரெக்ஸின் வேலைகளுக்குப் பயன்படும் ரப்பர் பசைதான். இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, அதன் பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுபவர்கள் பசையைக் குறை சொல்வது நியாயமன்று. அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் மட்டுமே வேலை செய்யுங்கள். குளூ கன் பசையை வாருக்கு நம்பாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கவசத்தை வைத்துவிட்டுப் போனால், அந்தச் சூட்டில் அது இளகிப் பிடியை விட்டுவிடும்.

மார்புக்கவசமும் முதுகுக்கவசமும் தோளில் இரண்டு வார்களாலும் பக்கவாட்டில் இரண்டிரண்டு வார்களாலும் இணைய வேண்டும். தோள்வார் கழுத்துக்கு அருகில் அமைந்தால்தான் கையைத் தூக்கும்போது மார்புக்கவசம் தாடையை நோக்கி ஏறாது. பக்கவாட்டு வார்களில் ஒரு பக்கத்தில் மட்டும் நடுவே எலாஸ்டிக் துண்டு ஒன்றை இணையுங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பு விரிய அது இடம் கொடுக்கும். வசனம் பேசும் நடிகருக்கு இது இன்றியமையாதது.

தோள்கவசத்தை மார்புக்கவசத்தின் தோள்வாரில், கழுத்தை ஒட்டிய இடத்தில், ஒன்றுக்கொன்று மூன்று விரற்கடை விலகிய இரண்டு புள்ளிகளில் பொருத்த வேண்டும். ஒரே புள்ளியில் பொருத்தினால் அந்தப் புள்ளியைச் சுற்றியே அது சுழலும். கீழ்விளிம்பை மார்புக்கவசத்தோடு கட்டாமல், மேற்கையைச் சுற்றிய எலாஸ்டிக்கோடு இணைத்துவிடுங்கள். அப்போது கை எங்கே போனாலும் தோள்கவசம் கூடவே போகும். நம் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் மரத்தாலான புஜகீர்த்தி என்னும் தோளணியையும் மார்புப் பதக்கத்தையும் கயிற்றால் கட்டிக்கொண்டு சுழன்று ஆடுவதை அருகிலிருந்து பார்க்க வாய்த்தால், எந்தக் கயிறு எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு அது நல்ல பாடம்.

தொடைக்கவசம்தான் எல்லாவற்றிலும் முரண்டு பிடிப்பது. தொடை கீழே போகப் போகக் குறுகுகிறது, உட்கார்ந்தால் பருக்கிறது. அதனால் சுற்றுவார் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஒவ்வோர் அடியிலும் குறுகிய பக்கத்தை நோக்கி அது இறங்கும். தொடைக்கவசத்தின் மேல்விளிம்பில் வெளிப்பக்கம் ஒன்றும் முன்பக்கம் ஒன்றுமாக இரண்டு இடங்களில் வாரைப் பொருத்தி, உள்ளே கட்டிய இடுப்பு வாரின் வளையங்களில் மாட்டுங்கள். ஒரு வார் எடையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் சுழற்சி நிற்கும். சுற்றுவார் 38 மில்லிமீட்டர் எலாஸ்டிக்காக, தொடையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் இழுவையோடு இருக்கட்டும்.

கணைக்கால் கவசத்துக்கு மேலிருந்து தொங்கவிடத் தேவையில்லை. உடம்பே ஒரு பிடியைத் தருகிறது. முழங்காலுக்குக் கீழே, ஆடுசதை புடைக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒடுக்கமான ஓரிடம் உண்டு. மேல்வார் அங்கே அமைந்தால் ஆடுசதை அதைக் கீழே இறங்கவிடாது. கீழ்விளிம்பு காலணியின் மேல் லேசாக உட்காரும்படி உட்பக்கம் ஒரு மெத்தென்ற ஃபோம் துண்டை ஒட்டிவிட்டால் போதும். இதற்காகவே கால்கவசத்தின் அளவைக் காலணி போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

முன்கைக் கவசம் இறங்குவதைவிடச் சுழல்வதே அதிகம். மணிக்கட்டுப் பக்கம் கட்டைவிரலில் மாட்டும் சிறு எலாஸ்டிக் வளையம் ஒன்று அதைத் தீர்த்துவிடும். தலைக்கவசத்துக்கு உச்சியிலும் நெற்றியிலும் பின்தலையிலும் பஞ்சுத் துண்டுகளும் ஒரு தாடைவாரும் போதுமானவை.

எதையும் நிலையாக ஒட்டுவதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் மாஸ்க்கிங் டேப்பால் தற்காலிகமாகக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து, குனிந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, படியேறி இறங்கிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே இழுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதற்கேற்ப வாரின் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் அசையாமல் நின்று குறித்த இடங்கள் நடக்கத் தொடங்கியதும் பொய்யாகிவிடும். பிறகு ஒவ்வொரு வாரின் உட்பக்கத்திலும் இடமா வலமா, எந்த வளையத்துக்கு உரியது என்று எழுதிவிடுங்கள். உதவிக்கு வருபவர் அரையிருட்டில், அவசரத்தில் அதைத்தான் படிப்பார்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கவசத்துக்குள் இருப்பவர் மயங்கிவிட வாய்ப்புண்டு என்பதை மறக்கக் கூடாது. மார்புக்கவசத்தின் ஒரு பக்கத்து வார்களையும் அதே பக்கத்துத் தோள்வாரையும் கிளிப் பக்கிளாக வையுங்கள். கவசத்தைப் பற்றி ஒன்றுமே அறியாதவரும் இரண்டு விரலால் அழுத்தித் திறக்க வேண்டும். மறைவான கொக்கிகளும் பின்முதுகு முடிச்சுகளும் அழகாக இருக்கலாம். அவற்றை அவிழ்க்க ஆகும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் அவை வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

அணியும்போது கீழிருந்து மேலாகச் செல்லுங்கள்: காலணி, கணைக்கால், இடுப்பு வார், தொடை, மார்பும் முதுகும், தோள், முன்கை, தலை. மார்புக்கவசத்தை முதலில் போட்டுவிட்டால் குனிந்து காலைத் தொட முடியாது. புறப்படும்போது ஒரு சிறு பையில் ஊக்குகள், ஊசி, தடித்த நூல், ஒட்டு நாடா, உபரியாக இரண்டு பக்கிள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அந்தப் பையைக் கவசம் அணியாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.