பெண் கேரக்டருக்கு மைனஸ் இரண்டா? ஆர்பிஜி விதி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக டேபிள்டாப் ஆர்பிஜி (ஆளுக்கொரு கேரக்டராக, பகடை உருட்டி மேஜையில் ஆடும் கதை விளையாட்டு) எழுத உட்காருகிற பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும்: ஆணுக்கும் பெண்ணுக்கும் உடல் பலத்தில் வித்தியாசம் இருக்கிறதே, அதை விதியில் காட்ட வேண்டாமா, பெண் கேரக்டருக்குப் பலத்தில் இரண்டு புள்ளி குறைத்தால் என்ன? கேள்வியில் தப்பில்லை. சராசரி எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உண்மைதான். கை, தோள் பலத்தில் அதிகம், கால் பலத்தில் அதைவிடக் குறைவு. கோளாறு வருவது அந்தச் சராசரியை எந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில்தான்.

பெரும்பாலானவர்கள் வைக்கும் இடம் உச்சவரம்பு. 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விளையாட்டாளர் கையேடு இதற்குப் பேர்போன உதாரணம். அதில் ஃபைட்டர், அதாவது போர்வீரர் கேரக்டர் ஒருவருக்கு ஸ்ட்ரெங்த் எனும் பல எண் 18 விழுந்தால் கூடவே நூறு வரைக்கும் ஒரு சதவீதப் பகடை உருட்ட வேண்டும். மனித ஆணுக்கு அது 100 வரை போகலாம், மனிதப் பெண்ணுக்கு 50உடன் நின்றுவிடும்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஆறுமுகப் பகடையில் 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. அதற்குப் பிறகும் சதவீதப் பகடையில் பாதிதான் வரம்பைத் தாண்டும். ஆக, ஃபைட்டராக ஆட 432 பெண்களுக்குப் பகடை உருட்டினால் ஒருத்தியைத்தான் இந்த விதி தொடுகிறது. நான்கு பகடை உருட்டி மிகச் சிறியதைத் தள்ளும் முறையிலும் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. மீதிப் பேர் எல்லோருக்கும் ஆணுக்கு விழுவதும் பெண்ணுக்கு விழுவதும் ஒன்றுதான், இருபாலரின் சராசரியும் ஏறக்குறைய சமம். அதாவது சராசரி வித்தியாசத்தைக் காட்டுவதாகச் சொல்லும் விதி, சராசரியைத் தொடவே இல்லை. ஊரிலேயே அபூர்வமாக ஒருத்திக்குப் பகடை கைகொடுக்கும்போது மட்டும் வந்து குறுக்கே நிற்கிறது. 18/00 (18உடன் சதவீதப் பகடையில் 100) இருந்தால் தாக்கும் உருட்டலுக்கு +3, சேதத்துக்கு +6. 50உடன் நிற்கும் அவளுக்குக் கிடைப்பது +1, +3. கதாநாயகியாக ஆட வந்தவரிடம் மக்கள்தொகைப் புள்ளிவிவரம் பேசுவதில் என்ன லாபம்?

அதே அட்டவணையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தில் ஆணுக்கு வரம்பு 17, பெண்ணுக்கு 14. இங்கே விதி நிஜமாகவே கடிக்கும்: மூன்று பகடையில் 15ஓ அதற்கு மேலோ விழுவது நூற்றில் ஒன்பது தடவைக்குச் சற்று அதிகம். எல்ஃப் ஆணுக்கு 18/75, பெண்ணுக்கு 16. கற்பனை இனம்தானே, அதற்கு மனிதர்களின் ஆண்-பெண் வித்தியாசத்தை ஏன் ஒட்ட வேண்டும்? விலங்குகளையே பாருங்கள். கொரில்லா ஆண் பெண்ணைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. கிப்பன் குரங்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. புள்ளிக் கழுதைப்புலியிலும் பெரும்பாலான கழுகுகளிலும் பெண்தான் பெரியது. புது இனம் உருவாக்கும்போது அது எப்படி வாழ்கிறது, எதற்காகச் சண்டை போடுகிறது என்று யோசித்து அங்கிருந்து வித்தியாசத்தைக் கொண்டுவந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை, அது சுவாரஸ்யமாகவும் இருக்கும். இரண்டு பாலையும் ஆட யாராவது ஆசைப்படுவார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈடுகட்டும் தவறு. பலத்தில் குறைத்ததை அழகில் கூட்டிக் கொடுப்பது. 1976இல் தி டிராகன் என்ற விளையாட்டு இதழின் மூன்றாம் எண்ணில் வந்த ஒரு கட்டுரை பெண் கேரக்டர்களுக்கு ஸ்ட்ரெங்த் உருட்ட எட்டுமுகப் பகடை ஒன்று, ஆறுமுகப் பகடை ஒன்று என்று கொடுத்தது. மூன்று ஆறுமுகப் பகடையின் சராசரி 10.5இலிருந்து 8க்கு இறங்குகிறது. கரிஷ்மா எனும் ஆளுமை எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அழகு, கூடவே மயக்கும் மந்திரங்கள். கூட்டிக் கழித்தால் புள்ளிகள் சரியாக வரலாம். ஆனால் வாள் தூக்க நினைத்து வந்தவரை விதியே வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறது. நோய் எதிர்ப்பு, ஆயுள் என்று பெண்ணுடலுக்குச் சாதகமானவை எத்தனையோ இருந்தும், யதார்த்தம் பேசுகிறவர்கள் உடலுறுதிக்கு ஒரு +1 எழுதிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

“அந்தக் காலம் அப்படி” என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1977இல், அந்தக் கையேட்டுக்கு ஒரு வருஷம் முன்பே, டிராவலர் என்ற விண்வெளி ஆர்பிஜி எந்தக் கேரக்டரும் எந்தப் பாலாகவும் இருக்கலாம் என்று வைத்துவிட்டது. டி அண்ட் டியே 1989இன் இரண்டாம் பதிப்பில் ஆண்-பெண் வரம்புகளை நீக்கியது.

சரி, உடல் வித்தியாசம் ஆட்டத்தில் தெரியத்தான் வேண்டும் என்றால்? கால் ஆஃப் கதுலு என்ற திகில் ஆர்பிஜி செய்வதைப் பாருங்கள். உடலளவுக்கென்று தனியாக ஒரு எண், பழைய பதிப்புகளில் இரண்டு ஆறுமுகப் பகடையுடன் 6 கூட்டி வருவது. ஸ்ட்ரெங்த்தும் அதுவும் சேர்ந்துதான் கூடுதல் சேதத்தை முடிவு செய்யும். வாட்டசாட்டமான பெண்ணும் வரலாம், நோஞ்சான் ஆணும் வரலாம், பகடை சொல்வதுதான். ஊர்க்காவல் படையில் எத்தனை பேர் எவ்வளவு பலம் என்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு ஒரு அட்டவணை வேண்டுமா, அங்கே சராசரியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவர்கள் யாருடைய கேரக்டரும் இல்லை.

சமூகத் தடையை உடல் தடையாக எழுதுவது வேறு ஒரு குழப்பம். பெண்ணுக்கு வாள் கொடுக்காத ராஜ்ஜியம் ஒன்று உங்கள் உலகில் இருக்கலாம். அதை உலக விவரணையில் எழுதுங்கள். அப்போதுதான் அதை மீறலாம், ஏமாற்றலாம், ஆண் வேடம் போட்டு உள்ளே போகலாம். மைனஸ் இரண்டை எப்படி ஏமாற்றுவது? அப்புறம், அப்படிப்பட்ட உலகில் ஆட எல்லோருக்கும் இஷ்டமா என்று கேரக்டர் உருவாக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஆபீஸில் அதையே பார்த்துவிட்டு வருகிறவர் வேண்டாம் என்று சொன்னால், அந்த ராஜ்ஜியத்தை வரைபடத்தில் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.