இங்கிலாந்தில் வாடகை வீடு: ஏஜென்ட் வழியாகவா, வீட்டுக்காரரிடம் நேரடியாகவா?

விடுமுறைக்குக் காவேரிப்பட்டினம் வந்த மூன்றாம் நாளே, லண்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகவிருக்கும் ஒரு பெண் தன் அப்பாவுடன் கிருஷ்ணகிரியிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா கேட்டார்: "அங்கே புரோக்கருக்கு எத்தனை மாத வாடகை கமிஷன் தர வேண்டும் அம்மா? அட்வான்ஸ் பத்து மாதமா?" மகனுக்கு ஓசூரில் வீடு பிடித்துக் கொடுத்த அனுபவம் அவருக்கு. அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

கமிஷன் ஒரு பவுண்டு கூடக் கிடையாது. 2019 ஜூன் 1 முதல், வீடு காட்டுவதற்கோ ஒப்பந்தம் தயாரிப்பதற்கோ வாடகைக்கு வருபவரிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டுக்காரருக்கும் அதே தடை. அட்வான்ஸை அங்கே டெபாசிட் என்பார்கள். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. மாத வாடகை 1,300 பவுண்டு என்றால் வாரத்துக்கு 300. டெபாசிட் அதிகபட்சம் 1,500. வீட்டை உங்களுக்காகப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை வரை வாங்கலாம், அவ்வளவுதான்.

வீடு தேட உதவும் ரைட்மூவ், ஸூப்லா இணையதளங்களில் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை ஏஜென்ட் கையில் இருப்பவை. ஏஜென்ட் முதலில் பார்ப்பது உங்கள் சம்பளத்தை. மாத வாடகையைப் போல் முப்பது மடங்கு ஆண்டு வருமானம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புதிதாக வந்தவருக்கு அந்த நாட்டில் கடன் வரலாறே இருக்காது என்பதால், உத்தரவாதம் தர ஓர் ஆளைக் கேட்பார்கள். முன்பெல்லாம் அதற்குப் பதிலாக ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். ஊரில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். 2026 மே 1 முதல் அது முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகையே வாங்கக் கூடாது. கையெழுத்தான பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. காரணம் காட்டாமல் காலி செய்யச் சொல்லும் வழக்கத்துக்கும் அதே நாளோடு முடிவு.

ஏஜென்ட் எத்தனை இனிமையாகப் பேசினாலும் அவருக்குச் சம்பளம் தருபவர் வீட்டுக்காரர்தான். ஆனாலும் அவரைத் தட்டிக்கேட்க இடம் இருக்கிறது. எல்லா ஏஜென்ட்டும் அரசு அங்கீகரித்த குறைதீர்ப்பு அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்த அமைப்பு என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கேள்வியும் அவசியம்: "பாய்லர் பழுதானால் யாரை அழைப்பது?" சில ஏஜென்ட்டுகள் ஆளைக் குடிவைத்ததோடு ஒதுங்கிவிடுவார்கள், பிறகு எல்லாம் வீட்டுக்காரரோடுதான். ஜனவரிக் குளிரில் வெந்நீர் இல்லாமல் நின்று இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

நேரடியாக வீட்டுக்காரரிடம் போனால் வேலை சீக்கிரம் முடியும். லண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதியில் தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிய துண்டுச்சீட்டைப் பார்த்து அன்று மாலையே அறை பிடிக்கலாம். சம்பளச் சீட்டுக் கேட்க மாட்டார்கள், மீன்குழம்பு வாசனைக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் போனேன். "நம்ம ஊர்ப் பெண், ரசீது எதற்கு" என்றார் வீட்டுக்காரர். 600 பவுண்டு டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கார்ப்பெட்டில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு, முனை கூராக, அப்படியே அச்சு வைத்தாற்போல இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் சுட்டது. பதினான்கு மாதம் கழித்துக் காலி செய்தபோது அந்தத் தழும்புக்காக முழுப்பணத்தையும் பிடித்துக்கொண்டார். என்னிடம் அந்த நாள் படம் ஒன்றுகூட இல்லை.

வார்டில் உடன் வேலை பார்த்த ஒரு அக்காதான் வழி சொன்னார். டெபாசிட் வாங்கிய 30 நாட்களுக்குள் வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அதைச் சேர்த்து, விவரத்தை உங்களிடம் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் டெபாசிட்டைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதமாக உங்களுக்கே வாங்கித் தரலாம். என் வீட்டுக்காரர் சேர்க்கவே இல்லை. "பணம் வந்தது" என்று அவர் அனுப்பிய ஒரு வரி வாட்ஸ்அப் செய்தி மட்டும் என் போனில் இருந்தது. அதை இணைத்துக் கடிதம் எழுதினேன். ஒன்பதாம் நாள் பணம் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் அதே வீட்டில் தானும் குடியிருந்து உங்களுக்கு ஓர் அறை மட்டும் கொடுத்தால், இந்தப் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது. காலி செய்யச் சொல்வதும் எளிது. நம்மவர்களில் பலரின் முதல் அறை இப்படிப்பட்டதுதான். அங்கே டெபாசிட்டைக் குறைத்துப் பேசுங்கள், வங்கி வழியாகவே கொடுங்கள்.

இரண்டில் எது என்றால், குழந்தைகளோடு முழு வீடு எடுப்பவர்களுக்கு நான் ஏஜென்ட்டையே சொல்வேன். தனியாக வருபவர்கள், எழுத்தில் எல்லாவற்றையும் தரச் சம்மதிக்கும் வீட்டுக்காரரிடம் போகலாம். யாரிடம் போனாலும், நீங்கள் அங்கே வாடகைக்கு இருக்க உரிமை உள்ளவர்தானா என்று இ-விசாவின் ஷேர் கோடு, அதாவது உங்கள் விசா விவரத்தை இணையத்தில் அவர்கள் பார்க்க நீங்கள் தரும் குறியீடு, கேட்டு அவர்கள் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். "அதெல்லாம் வேண்டாம்" என்பவர் மற்ற சட்டங்களையும் அப்படித்தான் நடத்துவார். சாவி வாங்கிய நாளில், பெட்டியைத் திறப்பதற்கு முன், சுவர், கார்ப்பெட், குளியலறை மூலை, மின்சார மீட்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அவர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் கைப்பேசியைக் காட்டினாள். பளிச்சென்ற ஒரு ஃபிளாட்டின் படங்கள், பக்கத்து வீடுகளைவிட வாடகை பாதி. "முன்பணம் அனுப்பினால் சாவி தயாராக இருக்கும் என்கிறார்கள், அக்கா." அனுப்பாதே என்றேன். பல மருத்துவமனைகள் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு முதல் சில வாரங்களுக்குத் தங்க இடம் தருகின்றன. அங்கே இறங்கி, வீட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடு என்றேன். அவள் அப்பா அங்கேயே நின்று அந்தச் செய்தியை அழிக்க வைத்தார்.